வேலை இல்லை சித்தப்பா, பயிற்சி!

போன வாரம் பாபநாசத்தில் இருந்தேன். நம்ம தஞ்சாவூர் பாபநாசம்தான். பக்கத்து வீட்டுத் தங்கச்சி பி.காம் முடித்திருக்கிறாள். அவள் போனில் போக்குவரத்துக் கழக அப்ரன்டிஸ் அறிவிப்பு ஒன்று இருந்தது. அவள் அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, 30,000 கொடுத்தா ஒரு வருஷத்துல பர்மனென்ட் ஆக்கித் தர்றேன்னு ஒருத்தர் சொல்றாரு. கொடுக்கலாமா?"

கொள்முதல் நிலையத்தில் சம்பா நெல் போட்ட பணம் அது.

"இது வேலை இல்லை சித்தப்பா, பயிற்சி. ஒரு பைசா கொடுக்காதீங்க" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது.

உங்கள் வீட்டிலும் இதே கேள்வி வரலாம். அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

அப்ரன்டிஸ் சட்டம் 1961-ல் வந்தது. 1973 திருத்தத்தில் பொறியியல் பட்டதாரிகளும் பொறியியல் டிப்ளமோ படித்தவர்களும் இதற்குள் வந்தார்கள். பயிற்சி ஒரு வருடம். பட்டதாரிக்கு மாத உதவித்தொகை குறைந்தது 9,000 ரூபாய் என்று 2019-ல் விதி வந்தது. இப்போது எவ்வளவு என்பதை அறிவிப்பிலேயே பாருங்கள். குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. முடித்தால் சான்றிதழ் உண்டு. வேலை தந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 'நாட்ஸ்' இணையதளத்தில் பதிவு செய்யக் கட்டணமும் இல்லை.

பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் வேறு. 2024-ல் தொடங்கியபோது வயது 21 முதல் 24, மாதம் 5,000 ரூபாய், பெரிய நிறுவனங்களில் 12 மாதம். அரசுத் திட்டத்தில் ஏற்கெனவே அப்ரன்டிஸ் முடித்தவர்களை அதில் சேர்ப்பதில்லை. எனவே எது முதலில் என்று யோசித்துச் சேருங்கள்.

பிறகு சித்தப்பாவும் நானும் கணக்குப் போட்டோம். சென்னையில் ரூம் எடுத்தால் 9,000 வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே சரியாகிவிடும். கும்பகோணத்தில் இடம் கிடைத்தால் வீட்டுச் சாப்பாடு. சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டும் இல்லை. ஒரு வருட அனுபவம் கையில் இருக்கும். சாயங்காலம் டி.என்.பி.எஸ்.சி-க்கும் படிக்கலாம்.

"அப்ப ஒரு வருஷம் வீணில்லைங்கிற?"

"வேலைன்னு நம்பிப் போனா வீண் சித்தப்பா. பயிற்சின்னு தெரிஞ்சு போனா லாபம்."

தங்கச்சி திண்ணையில் உட்கார்ந்தே போனில் பதிவு செய்தாள். மார்க்‌ஷீட்டைப் போட்டோ எடுக்க வெளிச்சம் போதவில்லை. சித்தப்பாதான் டார்ச் அடித்தார். மறுநாள் காலையில், அந்த 30,000-த்தைக் கட்டிவிட்டு வருவதாகச் சொல்லி, கூட்டுறவு சங்கத்துக்குக் கிளம்பினார்.