அணைக்குக் கீழே ஓர் அளவுகோல்

ஆற்று நீரைப் பற்றிப் பேசுங்கால் நம்மவர்க்கு இரண்டு கூற்றுகளே போதுமானவையாக இருந்து வந்தன. "நிறையப் போகிறது" என்பர். அன்றேல் "வற்றிப் போயிற்று" என்பர். தோட்டத்துப் பீலிக்கரையில் குடத்தோடு நிற்கும் பெண்ணுக்கு இதற்கு மேல் வேண்டியதில்லை. ஆனால், ஆற்றின் குறுக்கே அணை எழுந்து, அதன் நீரில் ஒரு பங்கு மலையைத் துளைத்து வேறொரு பிரதேசத்துக்கு அனுப்பப்படும் காலத்தில் அக்கூற்றுகள் செல்லாக் காசாகி விடுகின்றன. "எவ்வளவு வற்றிற்று?" என்று அதிகாரி கேட்பார். எண்ணால் விடை கூற இயலாதவர், உண்மையைக் கூறியும் நம்பப்படாதவராகி நிற்பார். ஊவா மாகாணத்தில் இன்று எழுந்திருப்பது இவ்வினாவே.

வெலிமடைப் பள்ளத்தாக்கின் ஓடைகளைத் திரட்டிக்கொண்டு வடக்கு நோக்கி இறங்கும் உமா ஓயா, ரந்தம்பைக்கருகே மகாவலியோடு கலக்கிறது. அதன்மீது புகுல்பொலவில் ஓர் அணையும், அதன் கிளையாகிய மகாதொட்டில ஓயாமீது டயரபாவில் மற்றோர் அணையும் கட்டப்பட்டுள்ளன. டயரபாவிலிருந்து சுமார் 15 கிலோமீற்றர் நீளமான சுரங்கம் மலையின் வயிற்றினூடே சென்று, வெல்லவாயப் பக்கத்தில் நிலத்துக்கடியில் அமைந்த 120 மெகாவாற்று மின்நிலையத்தை இயக்குகிறது. பின்னர் அந்நீர் கிரிந்தி ஓயாப் பக்கமாக வறண்ட தென்கிழக்கு நிலங்களுக்குப் பாய்கிறது. 2024 ஏப்ரல் 24 ஆந் திகதி ஈரானிய சனாதிபதி ரைசி நேரில் வந்து இதனைத் திறந்துவைத்ததை வாசகர்கள் மறந்திரார். தென்கிழக்கின் உழவர்க்கு நீர் கிடைப்பதை நான் குறைகூறேன். அவர்களும் வானத்தைப் பார்த்து வாழ்ந்தவர்களே. ஆனால் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். மின்நிலையத்தைக் கடந்த நீர் மகாவலிப் படுகைக்குத் திரும்பி வருவதில்லை.

திட்டத்தின்படி ஆண்டொன்றுக்குச் சராசரி 14.5 கோடி கன மீற்றர் நீர் திருப்பப்பட வேண்டும். வகுத்துப் பார்த்தால் செக்கனுக்கு 4.6 கன மீற்றர் அளவாகும். ஆயினும் ஆறு சராசரியாக ஓடுவதில்லையே! ஊவாவின் பெருமழை ஒக்டோபர் முதல் ஜனவரி வரை பெய்வது. ஜூலை, ஆகஸ்டு மாதங்களிலோ மேற்குச் சிகரங்களில் ஈரத்தை உதிர்த்துவிட்டு வரும் வறண்ட காற்று இம்மலைகளில் வீசுகிறது. ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ் தந்த மணம் அக்காற்றின் கொடை. கொழும்பு ஏலத்தில் அத்தேயிலையின் விலை ஏறும் அதே வாரங்களில், அதைக் கொய்தவரின் லயத்துப் பீலி நூலாக மெலிகிறது. அணைக்குக் கீழே அந்நாட்களில் எவ்வளவு நீர் விடப்படுகிறது என்பதே கேட்கத் தக்க கேள்வி. ஆண்டுக் கணக்கு அதனை மறைத்துவிடும்.

ஓடும் நீரை அளப்பது எங்ஙனம்? நமது மாணவர் பலர் ஆற்றோரத்தில் நாட்டப்பட்ட அளவுகோலைப் பார்த்து, அதுவே நீரின் அளவைச் சொல்லிவிடும் என்று எண்ணுகின்றனர். அது மட்டத்தை மட்டுமே சொல்லும். ஒரே மட்டத்தில் நிற்கும் இரு ஆறுகளில் ஒன்று தூங்கலாம், மற்றது பாயலாம். ஆகவே ஆற்றைக் குறுக்கே இருபது, இருபத்தைந்து துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் ஆழத்தையும் ஓட்டத்தின் வேகத்தையும் தனித்தனியே அளப்பர். நீரோட்டமானி என்னும் கருவியில் சிறு கிண்ணங்கள் சுழலும். குறித்த நேரத்தில் எத்தனை சுற்று என்பதிலிருந்து வேகம் பெறப்படும். அடியில் கல்லும் மணலும் உரசுவதால் நீர் மெதுவாகவும், மேலே விரைவாகவும் ஓடும். ஆதலின் ஆழம் குறைந்த இடத்தில் மேற்பரப்பிலிருந்து பத்தில் ஆறு பங்கு ஆழத்திலும், ஆழம் மிக்க இடத்தில் பத்தில் இரண்டு, பத்தில் எட்டு ஆகிய இரு ஆழங்களிலும் கருவியை இறக்குவர். துண்டின் பரப்பை வேகத்தால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் அந்நேரத்துப் பாய்ச்சல் கிடைக்கும்.

நாள்தோறும் இவ்வாறு ஆற்றில் இறங்குதல் இயலாது. எனவே வெவ்வேறு மட்டங்களில் பலமுறை அளந்து, இன்ன மட்டத்துக்கு இன்ன பாய்ச்சல் என ஒரு வளைகோடு வரைந்துகொள்வர். அதன்பின் அளவுகோலைப் படித்தாலே போதும். மதகு திறந்து மூடப்படும் ஆற்றில் காலையிலும் மாலையிலும் மாத்திரம் படிப்பது பயன்படாது. தொடர்ந்து பதியும் கருவி வேண்டும். நீர் சிறுத்த காலத்தில் அளவுகோலில் ஒரு சென்றிமீற்றர் பிழைத்தாலும் கணக்கு பெரிதும் பிழைக்கும். அதற்கென முக்கோண வெட்டுடைய சிறு தடுப்புச் சுவர் கட்டி, அதன் வழியே நீரை விட்டு அளப்பர்.

இவ்வளைகோடு என்றும் நிலையானதன்று. உமா ஓயா மண்ணைச் சுமந்து வரும் ஆறு. வெலிமடைச் சரிவுகளின் காய்கறித் தோட்டங்களிலிருந்து கரைந்து வந்த மண் ரந்தம்பை நீர்த்தேக்கத்தைத் தூர்த்து வந்திருக்கிறது. அம்மண் இப்பொழுது மேலேயுள்ள அணைகளிலும் படியும். மண்ணை இழந்து தெளிந்த நீர், கீழே போகுமிடத்தில் ஆற்றடியை அரிக்கும். அடி தாழ்ந்தால் பழைய வளைகோடு பொய் சொல்லும். 2025 நவம்பர் இறுதியில் வந்த தித்வாப் புயல் நாடெங்கும் 600க்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. பதுளை மாவட்டம் மிகக் கொடிய இழப்புக்குள்ளான மாவட்டங்களுள் ஒன்று. அத்தகைய வெள்ளம் புரண்டு சென்ற ஆறுகளில் முன்னைய கணக்கை அப்படியே நம்புதல் கூடாது. ஒவ்வொரு நிலையத்திலும் மறுபடி இறங்கி அளத்தல் வேண்டும்.

பதுளை ஓயாவின் தல்தென நிலையத்து மட்டம், நீர்ப்பாசனத் திணைக்களம் வெள்ள காலத்தில் வெளியிடும் பட்டியலில் இடம்பெறுவதைக் காண்கிறோம். அது நன்று. வெள்ள மட்டத்தை விரைந்து அறிவிப்பது போலவே, கோடையின் சிறுபாய்ச்சலையும் அறிவிக்கலாகாதா என்பதே என் கேள்வி.

இக்கேள்விக்குக் காரணம் உண்டு. 2014 இறுதியில் உமா ஓயாச் சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் பீறிட்டது. பின்னர்ப் பண்டாரவளைச் சுற்றுப்புறத்தில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின. ஆயிரக்கணக்கான வீடுகளில் வெடிப்புக் கண்டது. மக்கள் வீதிக்கு வந்தனர். வீட்டின் வெடிப்பைப் படமெடுத்துக் காட்டலாம். வற்றிய ஊற்றை எதைக் கொண்டு காட்டுவது? முன்பு நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் வந்தது என எழுதி வைத்தவர் அல்லவோ இழப்பை நிறுவலாம்! கிராமத்தவர்க்கு நிலத்தின் உறுதிப் பத்திரமாவது கையில் உண்டு. லயத்தில் வாழும் தொழிலாளிக்குப் பெரும்பாலும் அதுவும் இல்லை. அவர் குடிக்கும் ஊற்று கம்பனி நிலத்தில் ஊறுவது. இழப்பீட்டுப் பட்டியல் எழுதப்படும் மேசையில் அவர் கடைசியில் நிற்பதற்கு இதுவே காரணம் என்பது என் துணிபு.

காவிரியைப் பாருங்கள். கருநாடகத்து அணைகளுக்குக் கீழே, மேட்டூருக்கு மேலே, பிலிகுண்டுலுவில் இந்திய மத்திய நீர் ஆணையம் பாய்ச்சலை அளந்து வருகிறது. 2007 இல் நடுவர் மன்றம் விதித்த 192 ஆயிரம் மில்லியன் கன அடியும், 2018 இல் உச்ச நீதிமன்றம் குறைத்து விதித்த 177.25 உம் அங்குதான் சரிபார்க்கப்படுகின்றன. அங்கும் பூசல் தீர்ந்துவிடவில்லை. ஆயினும், வந்த நீர் எவ்வளவு என்பதில் இரு மாநிலமும் ஒரே எண்ணை வைத்துக்கொண்டு பூசலிடுகின்றன. அது சிறிய பேறன்று. கெய்ரோவின் ரோதாத் தீவில் கி.பி. 861 இல் எழுந்த நீர்மானியோ, நைல் உயர்வதைப் பார்த்து வரி விதிக்க அரசர்க்கு உதவியது. அளவுகோல் யாருக்காக நிற்கிறது என்பதும் கேட்க வேண்டியதே.

புகுல்பொல, டயரபா அணைகளுக்குக் கீழே பதிவாகும் பாய்ச்சல், வாரந்தோறும் தமிழிலும் சிங்களத்திலும் பிரதேச செயலகங்களிலும் தோட்டக் காரியாலயங்களிலும் ஒட்டப்படுதல் வேண்டும். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. இடையில் ஆசிரியர்களும் சும்மா இருக்க வேண்டியதில்லை. தோட்டப் பாடசாலையின் மேல்வகுப்பு மாணவர், 20 லீற்றர் வாளியைப் பீலியின் கீழ் வைத்து, அது நிறையும் செக்கன்களை எண்ணி எழுதலாம். ஓடையெனில், நேராக ஓடும் 20 மீற்றர் தூரத்தில் ஒரு மரத்துண்டை மிதக்கவிட்டு நேரம் பார்க்கலாம். மேற்பரப்பு வேகத்தை 0.85 ஆற் பெருக்கினால் சராசரி வேகத்துக்கு ஏறக்குறைய வரும். அகலமும் ஆழமும் ஒரு கயிற்றாலும் கோலாலும் அளக்கத் தக்கவை. திகதி, நேரம், முதல் நாள் மழை ஆகியவற்றையும் கட்டாயம் குறித்தல் வேண்டும். ஆசிரியர் மாற்றலாகிப் போனாலும் புத்தகம் பாடசாலையிலேயே இருத்தல் வேண்டும். வெள்ளம் பாயும் மாரியில் பிள்ளைகளை ஓடைக்கு அழைத்துச் செல்லலாகாது. ஜூலையில், காற்று மாறி வறட்சி பிடிக்கும் முதல் வாரத்திலேயே தொடங்குக.