பழைய துப்பாக்கியின் வடு

உலகப் பெரும்போர்களிற் படைஞர் தாங்கிய துப்பாக்கிகளைத் தேடித் தொகுத்தலும், அவற்றால் இலக்கெய்து மகிழ்தலும் அமெரிக்க நாட்டிற் பலர்க்கு விருப்பமான பொழுதுபோக்காகும். தாழ்ப்பாளைத் திறந்து மூடுவதுபோல ஓர் உருளையைக் கையால் இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் அவ்வகைத் துப்பாக்கிகளுள் ஜப்பானியரது அரிசாக்காவும் ஒன்று. அதனைப் புதுக்கி அழகுசெய்தல் தகுமா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்தது.

1905-ஆம் ஆண்டின் 6.5 மில்லிமீட்டர்த் துப்பாக்கியிலும், 1939-ஆம் ஆண்டின் 7.7 மில்லிமீட்டர்த் துப்பாக்கியிலும், குழல் பொருந்துமிடத்தின்மேல் 16 இதழ்ச் சாமந்தி மலர் பொறிக்கப்பெற்றிருக்கும். அஃது அந்நாட்டு மன்னர்க்குரிய இலச்சினை. 1945-இல் ஜப்பான் சரணடைந்தபொழுது, அம்மலரை அராவி அழித்த பின்னரே மிகப் பல துப்பாக்கிகள் மாற்றார் கையில் ஒப்படைக்கப்பட்டன. மலர் அழியாதிருப்பனவற்றுட் பல போர்க்களத்திலேயே கைப்பற்றப்பட்டவை. ஆகலின் அவற்றிற்கு விலை மிகுதி. இவ்விலையை விரும்பிச் சிலர் அழிந்த மலரை மீண்டும் பொறிக்கின்றனர். வேறு சிலர் மரக்கட்டையை வெட்டிக் குறைத்து வேட்டைத் துப்பாக்கி ஆக்குகின்றனர்.

இவ்விரண்டும் தகாவென்பது எமது துணிபு. அராவிய அத்தழும்பே ஒரு பேரரசு வீழ்ந்த நாளின் சான்று. ஏட்டுச்சுவடியில் அழிந்த எழுத்தைத் தன் மனம்போல் எழுதி நிரப்புவானை அறிஞர் போற்றுவரோ?

“துப்பாக்கி சுடுதற்கன்றோ செய்யப்பட்டது? காட்சிப்பொருளாக வைத்து என்ன பயன்?” என வினவுவாருமுளர். சுடுதலை யாம் விலக்கினோமல்லேம். ஆயினும், பயிற்சிக்கென்றே மெல்லிய வார்ப்பிரும்பாற் செய்து, குண்டில்லா வெற்றுத் தோட்டாவுக்கே ஏற்றனவாக விடப்பட்ட துப்பாக்கிகளும் அந்நாளில் இருந்தன. புறத்தோற்றத்தில் அவை போர்த்துப்பாக்கியையே ஒக்கும். குழலின் உட்புறம் வரியின்றி வழுவழுப்பாயிருத்தல் அவற்றின் அடையாளம். குண்டுள்ள தோட்டாவை அவற்றில் இட்டுச் சுடின், துப்பாக்கியே பிளந்து சுடுவோனைக் கொல்லவுங் கூடும். ஆதலின் நூலறிவும் கைப்பழக்கமும் உடைய துப்பாக்கித் தொழிலாளன் சோதித்து இசைந்த பின்னரே சுடுதல் வேண்டும். அச்சோதனைக்குத் துணையாவன பழைய பொறிகளும் எண்களுமே. அவற்றை மாற்றுவோன் சரித்திரத்தை மட்டுமோ பொய்யாக்குகின்றான்? பின்னர் வாங்குவோனது கண்ணையுங் கட்டிவிடுகின்றான்.

பழம்பொருளை உடையோன் அதன் காவலனேயன்றித் திருத்தும் ஆசிரியன் அல்லன். துரு ஏறாது எண்ணெயிட்டுக் காப்பது அவன் கடமை. வடுவை வடுவாகவே விட்டுவைப்பது அவன் நேர்மை.