கார்த்திகையில் வெட்டு, பங்குனியில் கட்டு

பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் திருச்சியில் நர்சரிகளைத் தாண்டிப் போவது கஷ்டம். பெட்டூனியா, டயாந்தஸ், டேலியா என்று பூத்த தொட்டிகளாகவே வாசலில் அடுக்கியிருப்பார்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் நானும் ஸ்கூட்டரை நிறுத்தி, ஆறு பெட்டூனியா வாங்கினேன். "வெயில் தாங்குமா?" என்று கேட்டதற்கு, "தண்ணி மட்டும் ஊத்துங்கம்மா" என்றார் கடைக்காரர். காலையும் மாலையும் ஊற்றினேன். சித்திரை பிறந்தபோது மொட்டைமாடியில் ஆறு தொட்டி இருந்தது, செடி இல்லை.

செடியைக் குறை சொல்ல மாட்டேன். அது குளிர் நாளில் செழிக்கிற ஜாதி. நம் சமவெளியில் அதற்கு வயது கார்த்திகையிலிருந்து மாசி வரைதான். பங்குனியில் அதை விற்பது, ஓய்வுபெறும் நாளில் ஒருவரை வேலைக்குச் சேர்ப்பது மாதிரி.

சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று பள்ளிக்கூடத்தில் ஒப்பித்தோம். அதற்குள்தான் கத்திரி வெயிலும் வருகிறது. பனி விழும் தேசங்களில் வசந்தம் நடுகிற காலம். நமக்கோ அது பறிக்கிற காலம். அவர்கள் வீடியோவைப் பார்த்து நாம் மண்வெட்டியை எடுத்தால் எப்படி?

என் மாமியாருக்கு வீடியோ தேவைப்படவில்லை. கிணற்றடியில் ஒரு குண்டுமல்லி வைத்திருந்தார். கார்த்திகையில் மழை விட்ட ஒரு நாள் அரிவாளோடு போய், முழங்கால் உயரத்துக்கு மொட்டையடித்துவிடுவார். கல்யாணமாகி வந்த வருடம் அதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. தையில் குச்சிக்குக் குச்சி தளிர்த்தது. பங்குனியில் தினமும் இரண்டு உழக்கு மொட்டு! மல்லி புதுக் கிளையில்தான் மொட்டு வைக்கும். பழைய கிளையை விட்டுவைத்தால் வெறும் இலைதான். கோவை வேளாண் பல்கலைக்கழகமும் இதையே சொல்கிறது: குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரம் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் விட்டுக் கவாத்து செய்யவேண்டும், பிச்சிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி.

அப்படியானால் பங்குனியில் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதா? வேண்டாம். வெயிலுக்கு அஞ்சாத பூக்கள் இருக்கின்றன. வாடாமல்லி, ஜினியா விதை போடலாம். நித்தியகல்யாணி வைக்கலாம், தண்ணீர் தேங்கினால்தான் அது அழுகும். பத்துமணிப் பூவுக்கு விதைகூட வேண்டாம். பக்கத்து வீட்டில் விரல் நீளத் தண்டு கிள்ளி வந்து செருகினால் போதும். தடித்த இலையிலேயே அது தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். மல்லிப் பதியன் வைக்க மட்டும் ஆடி வரை பொறுங்கள். சாமந்தியையும் ஆனி, ஆடியில் வையுங்கள். பகல் குறுகினால்தான் அது மொட்டுவிடும், பங்குனியில் எத்தனை உரம் போட்டாலும் மசியாது.

நர்சரிக்காரர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அப்பளப் பாக்கெட்டில்கூடத் தேதி போட்டிருக்கிறது. தொட்டியில் ஒரு சீட்டு ஒட்டுங்கள்: எந்த மாதம் நடவேண்டும், எந்த மாதம் வரை தாங்கும் என்று இரண்டே வரி. நாலு தொட்டி குறைவாக விற்கலாம். ஆனால் செடி செத்த வருத்தத்தில் தோட்டமே வேண்டாம் என்று விடுகிறவர்கள் திரும்பி வருவார்கள்.

அந்த ஆறு தொட்டியில் ஐந்தில் இப்போது பத்துமணிப் பூ. ஆறாவதில் மாமியாரின் மல்லியிலிருந்து எடுத்த பதியன். சாயங்காலம் மாடியில் மொட்டுப் பறிக்கும்போது எதிர்வீட்டுப் பெண் கேட்பாள், "என்ன உரம் போட்டீங்க அக்கா?"

"கார்த்திகையில வா, காட்டறேன்" என்பேன்.