பொன்னாடை சான்றாகாது: நம்மூர் எழுத்தாளருக்குக் கலைக்களஞ்சியப் பக்கம் எப்போது தகும்?



இது கொஞ்சம் நீண்ட பதிவு. கோபம் வந்தால் கடைசி வரி வரை வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

அக்குறணை, கல்ஹின்னை, மடவளை, உடத்தலவின்னை, கண்டி நகர் என்று எந்த வாட்ஸ்அப் குழுமத்தைத் திறந்தாலும் சில மாதங்களுக்கு ஒரு தடவை இந்தக் கதை வரும். "நம்ம எழுத்தாளரை விக்கிப்பீடியாவில் போட விடுறாங்க இல்ல. போட்டாலும் அழிக்கிறாங்க. மத்தவங்களுக்கெல்லாம் இருக்கு, நமக்கு மட்டும் இல்ல." உடனே நாற்பது பேர் கோபக் குறி போடுவார்கள். இரண்டு நாளில் அடுத்த விஷயம் வந்துவிடும். அந்த எழுத்தாளரின் ஒரு நூலையாவது வாசித்தவர் அந்த நாற்பது பேரில் எத்தனை பேர் என்று எவரும் கேட்பதில்லை.

நாங்கள் கேட்கிறோம். தமிழ் படிப்பிக்கும் ஆசிரியர்கள் என்ற முறையில் கேட்கும் உரிமை எங்களுக்கு இருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். கலைக்களஞ்சியம் பாராட்டு விழா மேடை அல்ல. விக்கிப்பீடியாவில் இதற்குக் 'குறிப்பிடத்தக்கமை' என்று பெயர். அதன் சாரம் ஒன்றுதான்: ஒருவரைப் பற்றி, அவரோடு சம்பந்தமில்லாத நம்பகமான பிறர், போதுமான அளவு எழுதியிருக்க வேண்டும். எழுத்தாளர் என்றால் அவருடைய நூல்களுக்கு விமர்சனம் வந்திருக்கிறதா, ஆய்வாளர்கள் எடுத்துப் பேசியிருக்கிறார்களா என்று பார்ப்பார்கள். நல்லவரா, தொழுகையாளியா, ஊருக்கு உதவினாரா என்பது அங்கே கேள்வி இல்லை. எத்தனை நூல் போட்டார் என்பதும் முதல் கேள்வி இல்லை. தேசிய நூலகத்தில் விண்ணப்பித்து ISBN எண் எடுப்பது நூலை அடையாளம் காண்பதற்கு. அது தரச் சான்றிதழ் அல்ல.

இந்த விதியைக் கேட்டதும் "இது வெள்ளைக்காரன் விதி, நமக்குப் பொருந்தாது" என்று சிலர் பாய்கிறார்கள். அவர்களுக்குத் தம் சொந்த வரலாறே தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும். ஆட்களைப் பற்றிய அகராதி எழுதுவதில் உலகத்துக்கே முன்னோடிகள் முஸ்லிம் அறிஞர்கள். கதீப் அல் பக்தாதி எழுதிய 'தாரீக் பக்தாத்' நூலில் மட்டும் 7,800க்கும் மேற்பட்டவர்களின் குறிப்புகள் இருக்கின்றன. 1282இல் மறைந்த இப்னு கல்லிகான் தன் வாழ்க்கை வரலாற்று அகராதிக்கு ஒரு கறாரான அளவுகோல் வைத்தார். இறந்த ஆண்டைத் தன்னால் உறுதிப்படுத்த முடிந்தவர்களையே பொதுவாகச் சேர்த்தார். புகழ் இருந்தாலும் ஆதாரம் இல்லாவிட்டால் இடமில்லை. ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர்களை எடை போட்ட இமாம்கள், ஒருவர் தன்னைப் பற்றித் தானே சொன்னதை வைத்தா அவரை ஏற்றார்கள்? அவரை அறிந்த மற்றவர்கள் என்ன சொன்னார்கள் என்றல்லவா தேடினார்கள்? ஆக, "பிறர் சாட்சி வேண்டும்" என்பது நமக்கு அந்நியமான விதி அல்ல. நம் மூத்தவர்கள் இதைவிடக் கடுமையாக இருந்தார்கள்.

இனி நம் ஊர்க் கணக்குக்கு வருவோம்.

கண்டியில் பிறந்த அறிஞர் சித்திலெப்பைக்கு (1838–1898) எந்தக் கலைக்களஞ்சியத்திலும் இடம் மறுக்க முடியாது. ஏன்? 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1885இல் 'அசன்பேயுடைய சரித்திரம்' வெளியிட்டார். தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' வந்து ஆறே வருடத்தில் வந்த நூல் அது. இலங்கையின் முதல் தமிழ் நாவல் என்று பலரும் கொள்வது அதைத்தான். முதல் நாவலா, நாவல் என்றே சொல்லலாமா என்றெல்லாம் ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அவரைப் பற்றி நடந்த அந்த விவாதமே அவருக்குரிய சான்று. போப்பிட்டியில் பிறந்த அருள்வாக்கி அப்துல் காதிறுப் புலவர் (1866–1918) 'கண்டிக் கலம்பகம்', 'சந்தத் திருப்புகழ்' முதலியவற்றைப் பாடினார். அவரை இஸ்லாமியத் தமிழ் இலக்கிய ஆய்வாளர்கள் கையில் எடுத்தார்கள். தலாத்துஓயாவின் கே. கணேஷ் (1920–2004) 1946இல் கே. ராமநாதனோடு சேர்ந்து 'பாரதி' இதழை நடத்தினார். ஹோ சி மின்னின் சிறைக் கவிதைகளைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். அவரைப் பற்றியும் பிறர் எழுதினார்கள். இவர்களில் எவரும் தமக்குத் தாமே பக்கம் போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்தது, சிக்கலான ஒரு பெயர். மர்ஹூம் பீ.எம். புன்னியாமீன் (1960–2016). உடத்தலவின்னைக்காரர். பேராதனைப் பல்கலைக்கழகப் பட்டதாரி. சிறுகதை எழுதினார். புலமைப்பரிசில் வழிகாட்டி நூல்களும் எழுதினார். 'சிந்தனை வட்டம்' என்ற பெயரில் நூற்றுக்கணக்கான நூல்களை வெளியிட்டார். எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை, இலங்கை எழுத்தாளர்கள், ஊடகவியலாளர்கள், கலைஞர்களின் 'விபரத்திரட்டு'. முஸ்லிம் எழுத்தாளர்களில் தொடங்கி, பிறகு எல்லாத் தமிழ் எழுத்தாளர்களையும் சேர்த்துப் பல பாகங்கள் போட்டார். தமிழ் விக்கிப்பீடியாவிலும் அவரே இறங்கி ஏராளமாக எழுதினார். குழுமத்தில் கோபக் குறி போடும் கூட்டத்தைப் போல அவர் புலம்பிக்கொண்டிருக்கவில்லை. வேலை செய்தார்.

இங்கேதான் உண்மையான வழக்கு இருக்கிறது. விபரத்திரட்டில் பெயர் வந்துவிட்டால் ஒருவர் கலைக்களஞ்சியத்துக்குத் தகுதி பெற்றுவிட்டாரா?

இல்லை என்பதுதான் எங்கள் பதில். விபரத்திரட்டு ஒரு பதிவேடு. யார் எங்கே பிறந்தார், எங்கே படித்தார், முதல் ஆக்கம் எதில் வந்தது, என்ன நூல் போட்டார் என்று அது சொல்லும். அந்த எழுத்து எப்படி, அதனால் என்ன மாறியது என்று அது தீர்ப்புச் சொல்லவில்லை. அது அதன் நோக்கமும் இல்லை. பள்ளிவாசல் சந்தாப் புத்தகத்தில் பேர் இருப்பது அவர் மஹல்லாவாசி என்பதற்கு ஆதாரம். அவர் பெரிய ஆலிம் என்பதற்கு ஆதாரம் ஆகாது.

ஆனால் இதைச் சாக்காக வைத்துக்கொண்டு, "அது சொந்தப் பதிப்பு, ஆகவே ஆதாரமே இல்லை" என்று எங்கோ இருந்துகொண்டு முழுத் தொகுதிகளையும் ஒதுக்குகிறவர்களோடும் நாங்கள் உடன்பட மாட்டோம். இலங்கையில் தமிழ் நூல்களின் பெரும்பகுதி எழுத்தாளரின் சொந்தக் காசில் வந்தது. இங்கே பெரிய பதிப்பகங்கள் வரிசையில் நின்றுகொண்டிருக்கவில்லை. கல்ஹின்னையில் எஸ்.எம். ஹனிபா 'தமிழ் மன்றம்' வைத்து நூல் போட்டிருக்காவிட்டால் எத்தனை பேரின் கையெழுத்துப் பிரதி கறையானுக்குப் போயிருக்கும்? பிறந்த ஆண்டுக்கும் நூற்பட்டியலுக்கும் விபரத்திரட்டை ஏற்றுக்கொள்ளுங்கள். தகுதிக்கு வேறு சான்று தேடுங்கள். இரண்டையும் குழப்பாதீர்கள்.

"தேடினோம், கூகுளில் ஒன்றும் இல்லை" என்பது இன்னொரு சோம்பேறிப் பதில். விக்கிப்பீடியாவின் விதியே ஆதாரம் இணையத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. அச்சில் வந்த தமிழ் இதழ் செல்லும். டொமினிக் ஜீவாவின் 'மல்லிகை' இதழ் இதழாக எழுத்தாளர்களின் படத்தை அட்டையில் போட்டு உள்ளே அவரைப் பற்றிக் கட்டுரையும் போட்டது. தி. ஞானசேகரனின் 'ஞானம்' 2000இல் நம் கண்டியிலிருந்தே தொடங்கியது. அவற்றில் வந்த ஒரு நேர்மையான விமர்சனம், இணையத்தில் கிடக்கும் நூறு வாழ்த்துச் செய்திகளுக்குச் சமம். பேராதனைப் பல்கலைக்கழக நூலகம் சட்டப்படி வைப்புப் பிரதிகள் பெறும் நூலகம். புரட்டிப் பார்க்காமல் "இல்லை" என்று சொல்ல எவருக்கும் உரிமை கிடையாது.

உலகத்திலும் இது நடந்திருக்கிறது. கனடாவின் இயற்பியலாளர் டொனா ஸ்ட்ரிக்லண்டைப் பற்றி ஆங்கில விக்கிப்பீடியாவுக்கு 2018இல் ஒரு கட்டுரை வரைவு வந்தது. காட்டிய ஆதாரம் போதாது என்று திருப்பினார்கள். அதே ஆண்டு ஒக்டோபர் 2ஆம் திகதி அவருக்கு நொபெல் பரிசு அறிவித்தார்கள். எல்லோரும் விக்கிப்பீடியாவைத் திட்டினார்கள். ஆனால் இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். அவ்வளவு பெரிய விஞ்ஞானியைப் பற்றி அதுவரை வெளியில் உள்ளவர்கள் போதிய அளவு எழுதியிருக்கவில்லை. கலைக்களஞ்சியம் ஒரு கண்ணாடி. எழுதப்படாத முகம் அதில் தெரியாது.

நம் முகம் ஏன் தெரியவில்லை என்ற கேள்விக்குப் பதில் நம் நூல் வெளியீட்டு விழாக்களில் இருக்கிறது. கிராஅத், வரவேற்புரை, தலைமையுரை, முதற்பிரதி வாங்கும் தனவந்தர், விசேட பிரதிகள், பொன்னாடை, குழுப்படம். நூல் ஆய்வுரை என்று ஒரு பத்து நிமிடம் இருக்கும். அதிலும் முக்கால்வாசி "எனது நெருங்கிய நண்பர்" என்ற புராணம். அடுத்த நாள் பத்திரிகையில் படம் வரும். நூலைப் பற்றி ஒரு வரி வராது. இருபது ஆண்டு கழித்து ஒரு மாணவன் தேடினால் யார் முதற்பிரதி வாங்கினார் என்பது கிடைக்கும். நூலில் என்ன இருந்தது என்பது கிடைக்காது. ஒருவர் நூலைக் குறை சொன்னால் அவர் விரோதி. இப்படி விமர்சனத்தைக் கொன்று புதைத்துவிட்டு, விமர்சனத்தை ஆதாரமாகக் கேட்கும் இடத்தில் போய் நியாயம் கேட்பது என்ன நியாயம்?

பட்டங்களும் அப்படித்தான். ஒவ்வொரு அமைப்பும் ஒரு பட்டம் கொடுக்கிறது. ஒரே ஆளின் பெயருக்கு முன்னால் நான்கு பட்டம். கவிதையைக் கேட்டால் ஒன்றும் நினைவில்லை.

இதில் உண்மையாகவே நட்டப்படுகிறவர்கள் வேறு ஆட்கள். மேடைக்கு வராதவர்கள். குறிப்பாக நம் பெண்கள். இலங்கை வானொலி முஸ்லிம் சேவையின் 'மாதர் மஜ்லிஸ்' போன்ற நிகழ்ச்சிகளுக்கு வீட்டு வேலைக்கு நடுவே எழுதி அனுப்பிய சகோதரிகள் எத்தனை பேர்? புனைபெயரில் இதழ்களில் எழுதி, கலியாணத்தோடு நின்று, நூலே போடாதவர்கள் எத்தனை பேர்? வானொலியில் போனது காற்றோடு போய்விட்டது. அவர்களுக்குப் பக்கம் கேட்டு எந்தக் குழுமத்திலும் ஒரு குரல் எழும்பவில்லை. விழா வைக்க வசதியுள்ளவருக்குத்தான் குரல் எழும்புகிறது. அநீதி என்று சொல்ல வேண்டுமானால் இதைச் சொல்லுங்கள்.

தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. இன்று ஒன்றரை இலட்சம் கட்டுரையைத் தாண்டிவிட்டது. அதை முதலில் கட்டியெழுப்பிய மயூரநாதன் இலங்கைக்காரர். அது எவருடைய கோட்டையும் அல்ல. கதவு திறந்தே கிடக்கிறது. 2022இல் எழுத்தாளர் ஜெயமோகனின் முன்னெடுப்பில் ஆசிரியர் குழுவோடு 'தமிழ் விக்கி' என்று இன்னொன்றும் வந்தது. அங்கே போனாலும் கேள்வி இதுதான்: இவரைப் பற்றி என்ன இருக்கிறது, காட்டுங்கள்.

ஆகவே, ஒரு நம்மூர் எழுத்தாளருக்குப் பக்கம் தகுமா என்று பார்க்க நாங்கள் முன்வைப்பது மூன்று கேள்விகள். ஒன்று, அவரோ குடும்பத்தாரோ விழா ஏற்பாட்டாளரோ அல்லாத இரண்டு பேராவது அவர் எழுத்தைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்களா? இரண்டு, அந்த எழுத்துகளை இதழ், ஆண்டு, பக்கத்தோடு காட்ட முடியுமா? மூன்று, புகழுரை எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் ஐந்து வரி தகவலாவது மிஞ்சுமா? மூன்றுக்கும் ஆம் என்றால் பக்கம் போடுங்கள். எவர் அழிக்க வந்தாலும் அந்த ஆதாரத்தை வைத்து வாதாடலாம். நாங்களும் உடன் நிற்போம். இல்லை என்றால் பக்கம் போடாதீர்கள். அதற்கு முந்திய வேலை பாக்கி இருக்கிறது.

அந்த வேலை என்ன? வீட்டு அலுமாரியில் 'மல்லிகை', 'ஞானம்', பழைய ஞாயிறு பத்திரிகைத் துண்டுகள் வைத்திருப்பவர்கள் எடைக்குப் போடாதீர்கள். எண்ணிம நூலகமான 'நூலகம்' 2005 முதல் இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் சேர்த்து வருகிறது. அங்கே இருப்பதைப் பாருங்கள், இல்லாததைக் கொடுங்கள். என். செல்வராஜா 'நூல்தேட்டம்' தொகுதிக்கு ஆயிரம் நூல் வீதம் பதிந்து வருகிறார். உங்கள் வாப்பாவின் நூல் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். எழுதிய உம்மாமார், மாமிமார் உயிரோடு இருக்கும்போதே எந்தப் புனைபெயரில், எந்த இதழில் எழுதினார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். அது தனியே பக்கத்துக்குப் போதாது. ஆனால் தேடிப் போகிறவருக்கு வழி காட்டும்.

அடுத்த நூல் வெளியீட்டுக்குப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். நூலை வாசியுங்கள். பிடித்ததையும் பிடிக்காததையும் இரண்டு பக்கம் எழுதி ஓர் இதழுக்கு அனுப்புங்கள். நூலாசிரியர் கோபித்தால் கோபிக்கட்டும். பதினைந்து வருடம் கழித்து அவருக்கு மிஞ்சப்போவது உங்கள் அந்த இரண்டு பக்கம்தான்.

எதிர்க்கருத்து உள்ளவர்கள் கீழே எழுதுங்கள். ஆனால் ஒரு நிபந்தனை: எந்த எழுத்தாளருக்காகப் பேசுகிறீர்களோ அவருடைய ஒரு நூலின் பெயரையும், அதைப் பற்றி வேறு யார் எங்கே எழுதினார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.