விமானத்துக்கு வலை உண்டு, தொழிலாளிக்கு?

பிரேக் பிடிக்காத போர் விமானம் ஓடுபாதையைத் தாண்டி ஓடினால், முனையில் நிற்கும் நைலான் பட்டை வலை அதைத் தாங்கிப் பிடிக்கிறது. விமானி பிழைக்கிறார். ஆக்ராவிலுள்ள சர்க்கார் ஆராய்ச்சிக்கூடமே இத்தகைய வலையை உருவாக்கியிருக்கிறது. வரவேற்கிறோம்! விமானியின் உயிர் நமக்கும் அருமையானதே.

ஆனால் புதுச்சேரியில் நடந்தது என்ன? 1936 ஜூலை 30-ல் பிரெஞ்சுத் துப்பாக்கிக்கு 12 தொழிலாளர்களைப் பலிகொடுத்து, எட்டு மணி நேர வேலையை வென்ற ஊர் இது. இங்கே 2020-ல் ரோடியர் மில்லைச் சர்க்காரே இழுத்து மூடியது. வேலையிழந்தவனைத் தாங்க எந்த வலையை விரித்தார்கள்?

"நஷ்டம்" என்கிறார்கள். நைலான் வெயிலில் நைந்துபோகும். பழைய வலைகளை மாற்றித்தான் ஆக வேண்டும். அந்தப் பட்டையை நெய்ய நெசவுத் தொழிலாளி இல்லையா? சர்க்காரே, புதிய தறிகளை வை! ராணுவ ஆர்டரைக் கொடு! மில்லைத் திற!