அச்சேறாத பொது உரைகள்

1939 ஜனவரி 29 அன்று, புணேயின் கோகலே அரசியல் பொருளியல் நிறுவனத்தில் காலே நினைவுச் சொற்பொழிவை அம்பேத்கர் நிகழ்த்தினார். 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் முன்வைத்த கூட்டாட்சித் திட்டம் அன்றைய எரியும் பிரச்சினை. அதைக் கூறுகூறாகப் பிரித்து மறுத்தார். அவ்வுரை சிறுநூலாக அச்சேறியது. ஆகவேதான் இன்றும் அதனோடு வாதிட முடிகிறது.

இப்போது பிப்ரவரி பிறந்ததும் கல்லூரிதோறும் மத்திய பட்ஜெட் குறித்துப் 'பொது உரை' நடக்கிறது. பொன்னாடை, நினைவுப் பரிசு, குழுப் புகைப்படம், நாக் மதிப்பீட்டுக் கோப்புக்கு ஓர் அறிக்கை. உரையின் வாசகம் மட்டும் எங்கும் கிடைப்பதில்லை. வருகைப்பதிவுக்காக அமர்த்தப்பட்ட மாணவர் வினா எழுப்ப நேரமில்லை. (நன்றியுரைக்கு எப்படியோ நேரம் வாய்த்துவிடுகிறது.)

கூட்டாட்சியின் நிதிக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். பகிர்வுக்குரிய வரித்தொகுப்பில் மாநிலங்களுக்கு 41 சதவீதம் என்று பதினைந்தாவது நிதிக்குழு பரிந்துரைத்தது. செஸ் வரியும் சர்சார்ஜ் என்னும் கூடுதல் வரியும் அத்தொகுப்பில் சேர்வதில்லை. முன்னதை முழங்கிப் பின்னதை விழுங்கும் பேச்சாளர், எக்கட்சிச் சார்பினராயினும், அச்சிட்ட வாசகம் இருந்தால் மறுநாளே பிடிபடுவார். இல்லையேல் கைதட்டலோடு தப்பிவிடுவார். பொருளியல் படிக்கும் மாணவரோ அந்த அரைக்கணக்கையே தேர்வுத்தாளிலும் எழுதுவார்.

உரையை எழுத்தில் தர மறுப்பவரைப் பொருளியல் துறைகள் அழைக்க வேண்டியதில்லை. வாசகம் கைக்கு வந்தபின் மதிப்பூதியம் வழங்கலாம்; கேட்டோர் எழுதும் மறுப்பையும் அதே சிறுநூலில் சேர்த்து அச்சிடலாம். பணம் போதாதெனில், முதலில் பொன்னாடையை நிறுத்தட்டும்.