கடன் தேடித் தருபவருக்குக் கூலி யார் கொடுக்கிறார்?

புறக்கோட்டையில் முப்பது வருடங்களாகக் கடை நடத்தும் எனக்குத் தரகர்களைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. காணியானாலும் வாகனமானாலும் இடையில் ஒருவர் நிற்பார். பேரம் முடிந்ததும் அவருக்கு ஒரு தொகை போகும். அதைக் கொடுப்பது விற்பவரா வாங்குபவரா என்பது முதலிலேயே தெரியும். ஆகவே அவர் சொல்வதில் எவ்வளவைக் கழித்துக்கொண்டு கேட்க வேண்டும் என்பதும் நமக்குத் தெரியும்.

சென்ற வருடம் கடைக்கு ஒரு சிறிய லொறி எடுக்க நினைத்தபோது இந்தப் பாலபாடத்தை நானே மறந்து போனேன். "வாப்பா, ஏன் ஒவ்வொரு கம்பனியாக ஏறி இறங்க வேண்டும்? எல்லாவற்றையும் ஒப்பிட்டுக் காட்டுகிற சேவை இருக்கிறது, சல்லி இல்லை" என்றான் மகன். அவனுடைய கைத்தொலைபேசியிலேயே படிவத்தை நிரப்பினோம். அடையாள அட்டை இலக்கம், என் தொலைபேசி இலக்கம், மாத விற்பனை, ஏற்கனவே உள்ள கடன் எல்லாம் கேட்டார்கள். இஸ்லாமிய முறை இஜாரா வேண்டும் என்பதையும் அதற்குரிய கட்டத்தில் குறித்தோம்.

பட்டியல் வந்தது. உங்களுக்கு மிகப் பொருத்தமானது என்று முதலிடத்தில் நின்றது வட்டி லீசிங்! அதுவும் 12 சதவீத 'பிளாட்' வட்டி. பத்து இலட்சத்தை மூன்று வருடத்துக்கு அப்படி எடுத்தால் மாதத் தவணை 37,778 ரூபா. குறைந்து செல்லும் மீதிக்குக் கணக்குப் பார்த்தால் வருடத்துக்கு 21 சதவீதத்தைத் தாண்டுகிறது. அது பட்டியலில் இல்லை.

அரை மணித்தியாலத்துக்குள் முதல் அழைப்பு வந்தது. இரண்டு நாட்களில் ஏழு அழைப்புகள். அவற்றில் இரண்டு, பட்டியலிலேயே இல்லாத கம்பனிகளிடமிருந்து. ஒருவர் என் மாத விற்பனைத் தொகையைச் சொல்லிக்கொண்டே பேச்சைத் தொடங்கினார். என் மனைவிக்கே நான் சொல்லாத கணக்கு அது. பிறகு மகன் அந்தச் சேவையின் நிபந்தனைகளைத் தேடி வாசித்தான். "பங்காளி நிறுவனங்களிடமிருந்து கட்டணம் பெறலாம், தகவல்களைப் பகிரலாம்" என்று பொடி எழுத்தில் இருந்தது. நாங்கள்தான் 'சம்மதம்' என்பதை அழுத்தியிருக்கிறோம்.

இது நம் ஊர் வியாதி மட்டுமல்ல. அமெரிக்காவில் கிரெடிட் கர்மா என்ற பிரபலமான சேவை, கடன் அட்டைகளுக்கு நீங்கள் 'முன்கூட்டியே அங்கீகரிக்கப்பட்டு விட்டீர்கள்' என்று வாடிக்கையாளர்களுக்குக் காட்டியது. நம்பி விண்ணப்பித்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் நிராகரிக்கப்பட்டார்கள் என்று அந்நாட்டின் மத்திய வர்த்தக ஆணைக்குழு 2022இல் குற்றம் சாட்டியது. அந்த வாசகம் கூடுதலான பேரை அழுத்த வைக்கும் என்பதைக் கம்பனி பரீட்சித்துப் பார்த்தே பாவித்தது என்றும் கூறியது. கம்பனி தவறை ஏற்கவில்லை. ஆனாலும் 30 இலட்சம் டொலர் செலுத்த உடன்பட்டது. அதற்கு முன் 2017இல் புளூ குளோபல் என்ற கம்பனி மீது அதே ஆணைக்குழு நடவடிக்கை எடுத்தது. சிறந்த கடனைத் தேடித் தருவதாகச் சொல்லி வாங்கிய விண்ணப்பங்களில் மிகச் சிலவே உண்மையில் கடன் கொடுப்போருக்குப் போயிருந்தன. மற்றவை காசு கொடுக்க முன்வந்த முதல் ஆளுக்கு விற்கப்பட்டனவாம். கடன் விண்ணப்பம் என்று நாம் நினைப்பது, அவர்களுக்குக் கடையில் அடுக்கி வைத்த சரக்கு.

ஒப்பிட்டுப் பார்ப்பதே பிழை என்று நான் சொல்லவில்லை. நான்கு கடை ஏறி விலை கேட்காதவன் வியாபாரியே அல்ல. ஆனால் பட்டியலில் யார் முதலில் நிற்கிறார் என்பதை அறிவுரையாக எடுக்கக் கூடாது, அது விளம்பரப் பலகை. இஜாராவோ முராபஹாவோ எடுப்பவர்களுக்கும் இதுவே பொருந்தும், தரகுக் கூலிக்கு மத்ஹபு கிடையாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரு நிறுவனத்தில் விண்ணப்பித்தால் அது கடன் தகவல் பணியகத்தில், அதாவது நாம் 'கிரிப்' என்று சொல்கிற இடத்தில், நமது அறிக்கையை எடுத்துப் பார்க்கும். அந்த விசாரணையும் அங்கே பதிவாகும். ஐந்தாறு கம்பனிகள் அடுத்தடுத்து விசாரித்திருந்தால், இந்த மனிதர் ஏன் இத்தனை வாசலைத் தட்டியிருக்கிறார் என்று அடுத்த அதிகாரி யோசிக்க இடமுண்டு. 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த அந்தப் பணியகத்திடம் நமது அறிக்கையை நாமே கட்டணம் செலுத்திப் பெறலாம். அதை முதலில் கையில் எடுத்துக்கொண்டு பேசப் போவதுதான் கெட்டித்தனம்.

சட்டம் காப்பாற்றும் என்று சும்மா இருக்கவும் முடியாது. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022இல் 9ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. ஆனால் அதன் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வரவிருந்த 2025 மார்ச்சில் அவை ஒத்திவைக்கப்பட்டன.

கடைசியில் நான் பழைய வழிக்கே திரும்பினேன். மூன்று இடங்களுக்கு நேரில் போய், மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும், முன்கூட்டியே முடித்தால் எவ்வளவு என்பவற்றை எழுத்தில் தாருங்கள் என்று கேட்டேன். எழுதித் தந்த இருவரில் ஒருவரிடம் இஜாராவில் லொறியை எடுத்தேன். எழுதித் தர மறுத்தவர், பட்டியலில் முதலிடத்தில் நின்றவர்தான்.

நேற்று லுஹருக்குப் போகும் வழியிலும் ஓர் அழைப்பு. லொறி எடுத்து எட்டு மாதமாகிறது மகள் என்றேன். "அப்படியானால் வேன் ஒன்று தேவைப்படுமா சேர்?" என்று கேட்டது அந்தப் பிள்ளை.